மேடைக்கு யார் எஜமான்?

(இசைக்குழு நடத்துநர் அர்துரோ தோஸ்கானினியின் வாழ்க்கையை முன்வைத்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பாடகரோ வாத்தியக்காரரோ ஆட்சியாளர்களைப் பற்றி வாய் திறந்துவிட்டால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "உனக்கெதற்கு இந்த வம்பு, வாசிக்கிற வேலையைப் பார்" என்பது ஒரு கட்சி. "கலைஞன் பேசாமல் வேறு யார் பேசுவது" என்பது இன்னொரு கட்சி. எதிரும் புதிருமாக நிற்கும் இந்த இரண்டு கட்சிகளும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. கலை ஒரு வேலை, அரசியல் வேறொரு வேலை. கலைஞன் தன் வேலையைவிட்டு வெளியே வந்தால்தான் அரசியலுக்குள் நுழைய முடியும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. போகாதே என்கிறார் ஒருவர், போ என்கிறார் மற்றவர், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தாலியின் இசைக்குழு நடத்துநர் அர்துரோ தோஸ்கானினியின் வாழ்க்கை இந்த நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்குகிறது என்பதுதான் இன்று நான் உங்கள்முன் வைக்கும் வாதம். முசோலினிக்கும் ஹிட்லருக்கும் அவர் முடியாது என்று சொன்னது தொழிலுக்கு வெளியே வந்து செய்த காரியம் அல்ல. ஓபரா அரங்குக்குள் பாடகர்களுக்கும் ரசிகர்களுக்கும் அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த 'முடியாது'தான் பிற்காலத்தில் சர்வாதிகாரிகளையும் எதிர்கொண்டது. இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை நிறைய உண்டு. அவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த அரங்கம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தோஸ்கானினி 1867 மார்ச் 25 அன்று பார்மா நகரில் பிறந்தார். தந்தை கிளாவுதியோ ஒரு தையற்காரர். இத்தாலியை ஒன்றிணைக்கக் கரிபால்டியின் படையில் சேர்ந்து போரிட்டவர். மகன் ஒன்பது வயதில் பார்மா இசைப்பள்ளியில் சேர்ந்து, அங்கேயே தங்கிச் செல்லோ வாத்தியம் படித்து, 1885இல் வெளியே வந்தார். மறு ஆண்டே ஓர் இத்தாலிய ஓபரா குழுவோடு செல்லோ வாசிப்பவராகவும் கோரஸ் பயிற்சிக்கு உதவியாளராகவும் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார். ரியோ டி ஜெனிரோவில் குழுவின் நடத்துநர் சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டார். பதிலுக்கு வந்தவரைக் கூட்டம் கூச்சலிட்டு விரட்டியது. வேறு வழியில்லாமல், 1886 ஜூன் 30 அன்று, பத்தொன்பது வயது தோஸ்கானினியின் கையில் கோலைக் கொடுத்தார்கள். அன்று இசையமைப்பாளர் வெர்டியின் 'ஐதா'. ஏட்டை மூடி வைத்துவிட்டு முழு ஓபராவையும் அவர் மனப்பாடமாக நடத்தினார். கிட்டப்பார்வைக்காரர், மேடையில் ஏட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க அவரால் ஆகாது. ஆகவே எதையும் முழுதாக மனத்தில் ஏற்றிக்கொள்வது அவருக்கு வாழ்நாள் பழக்கமாயிற்று. அந்த வெற்றிக்குப் பிறகும் அவர் செல்லோவைக் கீழே வைத்துவிடவில்லை. 1887 பிப்ரவரியில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் 'ஒத்தெல்லோ' முதன்முதலாக அரங்கேறியபோது, இசைக்குழுவில் ஒரு செல்லோக்காரராக அமர்ந்திருந்தார். வெர்டி என்ன கேட்கிறார், எதில் விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்பதை அவர் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்த நாற்காலியிலிருந்துதான்.

அந்தக் கால இத்தாலியில் ஓபரா அரங்கு என்பது கேளிக்கை மண்டபமாகவும் இருந்தது. இருக்கைகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பெட்டி இருக்கைகளை வைத்திருந்த பெரிய குடும்பங்கள் அங்கே உட்கார்ந்து பேசும், சாப்பிடும், ஊர்ப்பெரியவர்களைச் சந்திக்கும். பெண்கள் அணிந்துவந்த அகலத் தொப்பிகளால் பின்வரிசைக்காரருக்கு மேடை தெரியாது. பாடகர் பிடித்தமான ஸ்வரத்தைத் தன் மூச்சு உள்ளவரை இழுப்பார். கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும். கதையில் செத்தவர் எழுந்து நின்று அதே பாட்டை இன்னொரு தரம் பாடுவார். ஓபரா முடிந்ததும் சம்பந்தமே இல்லாத ஒரு பாலே நடனம் நடக்கும். 1898இல், முப்பத்தொரு வயதில், லா ஸ்காலாவின் கலைப் பொறுப்பை ஏற்ற தோஸ்கானினி இவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தினார். விளக்கை அணைக்கச் சொன்னார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். பாலேயை எடுத்துவிட்டார். வாத்தியக்காரர்கள் மேடையை மறைக்கக் கூடாது என்பதற்காக, அவருடைய முயற்சியால் 1907இல் அவர்கள் அமரும் இடம் தாழ்த்தப்பட்டது. 'ஒன்ஸ்மோர்' விஷயத்தில் மட்டும் கூட்டம் எளிதில் அடங்கவில்லை. 1903இல், பருவத்தின் கடைசி நாள், வெர்டியின் ஓர் ஓபரா நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பாட்டை மறுபடி பாடச் சொல்லி அரங்கு அதிர்ந்தது. அவர் பாதியில் கோலை வைத்துவிட்டு வெளியேறினார். பிறகு மூன்று ஆண்டுகள் லா ஸ்காலா பக்கம் திரும்பவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசைக்கு வெளியே இருப்பதாக மற்றவர்கள் நினைத்த பல விஷயங்களை அவர் இசைக்கு உள்ளே சேர்த்தார். விளக்கு, தொப்பி, திரைச்சீலை, டிக்கெட் வாங்கியவரின் உரிமை, பெட்டி வைத்திருப்பவரின் செல்வாக்கு எல்லாமே அவருடைய கணக்கில் நிகழ்ச்சியின் பகுதி. முதல் ஸ்வரம் எழும்போதுதான் கச்சேரி தொடங்குகிறது என்று அவர் நினைக்கவில்லை. மண்டபத்தின் கதவு திறக்கும்போதே, ஏன், அதற்கும் முன்னால் குழுவில் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும்போதே கச்சேரி தொடங்கிவிடுகிறது. 1921இல், போருக்குப் பின் பழுதுபார்க்கப்பட்ட லா ஸ்காலா தன்னாட்சி அமைப்பாக மாற்றப்பட்டு அவரிடம் மீண்டும் வந்தபோது, அந்த மாற்றத்திலும் இதே நோக்கம்தான் இருந்தது: பெட்டிக்காரக் குடும்பங்களின் விருப்பு வெறுப்புக்கு அரங்கு கட்டுப்பட்டிருக்கக் கூடாது. பின்னால் வரப்போகும் மோதல்களுக்கெல்லாம் அடித்தளம் இந்த விரிந்த எல்லைதான்.

'எழுதியபடி வாசி' என்பதுதான் தோஸ்கானினியின் கொள்கை என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அப்படியானால் அவர் ஓர் எழுத்தடிமை, ஏடு சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தவர், அவரிடம் எதிர்ப்புணர்வைத் தேடுவது வீண் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் 1898இல் நடந்த ஒரு சந்திப்பு வேறு கதை சொல்கிறது. வெர்டியின் திருச்சபைப் பாடல்களைத் துரின் நகரில் நடத்தவிருந்த தோஸ்கானினிக்கு அவற்றில் ஒன்றான 'தே தேயும்' பற்றி ஒரு சந்தேகம். ஓரிடத்தில் வேகத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஏட்டிலோ அப்படி ஒரு குறிப்பு இல்லை. ஜெனோவாவுக்கே போய், எண்பத்து நான்கு வயது வெர்டியின் முன் அமர்ந்து, பியானோவில் தனக்குத் தோன்றியபடி தளர்த்தியே வாசித்துக் காட்டினார். வெர்டி பாராட்டினார். பிறகு எழுதாமல் விட்டதற்குக் காரணமும் சொன்னார்: அதைக் குறித்து வைத்தால் மோசமான நடத்துநர்கள் மிகைப்படுத்தி இழுத்துவிடுவார்கள், நல்லவனுக்கு அது தானாகவே புலப்படும். ஆக, எழுதியதற்குக் கட்டுப்படுவது என்றால் மையை மட்டும் பார்ப்பதல்ல, எழுதியவரின் எண்ணத்தைத் தேடிப் போவது. பெத்தோவனின் சிம்பொனிகளில் காற்று வாத்தியங்களின் பகுதிகளை அவர் ஆங்காங்கே வலுப்படுத்தியதும், தெபுஸ்ஸியின் 'கடல்' படைப்பில் சில இடங்கள் தெளிவாகக் கேட்கவில்லை என்று தெபுஸ்ஸியிடமே சொல்லித் திருத்தியதும் இந்த வகைதான். அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார் என்று குறை சொல்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. எல்லா இடத்திலும் அவர் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி அவரைப் பொறுத்தவரை எப்போதும் ஒன்றுதான்: இந்த மாற்றம் படைப்புக்காகவா, வேறு யாருடைய வசதிக்காகவா?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 1922க்கு வருவோம். முசோலினி ஆட்சியைப் பிடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. டிசம்பரில் லா ஸ்காலாவில் வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' நடந்துகொண்டிருந்தபோது பாசிஸ்ட் ஆட்கள் தங்கள் கட்சிப் பாட்டான 'ஜோவினெத்சா'வை வாசிக்கச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். தோஸ்கானினி கோலை எறிந்துவிட்டு வெளியேறினார். நிலைமையைச் சமாளித்து நிர்வாகத்தினர் அவரை மறுபடி அழைத்து வந்தார்கள், ஓபரா தொடர்ந்தது, அவருடைய கோலின் கீழ் அந்தப் பாட்டு ஒலிக்கவில்லை. 1903இல் 'ஒன்ஸ்மோர்' கேட்டவர்களுக்கு என்ன கிடைத்ததோ அதுவேதான் 1922இல் கட்சிப் பாட்டு கேட்டவர்களுக்கும் கிடைத்தது. அடுத்தது 1926. புச்சினி முடிக்காமல் விட்டுச்சென்ற 'துராந்தொத்' ஏப்ரல் 25 அன்று அரங்கேறவிருந்தது. அந்த நாட்களில் முசோலினி மிலானில்தான் இருந்தார். தலைவர் வந்தால் கட்சிப் பாட்டு வாசித்தாக வேண்டும் என்றார்கள். அப்படியானால் வேறு நடத்துநரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் தோஸ்கானினி. முசோலினி வரவில்லை. அன்றிரவு புச்சினியின் கை நின்றுபோன இடத்தில், லியு என்ற அடிமைப்பெண் இறக்கும் காட்சியோடு, தோஸ்கானினி இசையை நிறுத்திக் கூட்டத்திடம் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கோலை வைத்தார். இன்னொருவர் எழுதிச் சேர்த்த முடிவு அடுத்த நாட்களில்தான் வாசிக்கப்பட்டது. ஒரே இரவில் அவர் இரண்டு பேருக்கு இடம் மறுத்தார். ஒருவர் நாட்டின் சர்வாதிகாரி. மற்றவர் நண்பரின் படைப்பை நல்லெண்ணத்தோடு முடித்துக் கொடுத்த இசையமைப்பாளர். இரண்டு மறுப்பையும் வேறுவேறு பெட்டியில் போட என்னால் முடியவில்லை.

1931இல் விலை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மே 14, போலோன்யா நகரின் நகராட்சி அரங்கு. மறைந்த இசையமைப்பாளர் ஜுசெப்பே மார்த்துச்சியின் நினைவாக அவருடைய படைப்புகளை மட்டுமே வைத்து ஒரு நிகழ்ச்சி. அமைச்சர் ஒருவர் வருகிறார், ஆகவே அரச வாழ்த்தும் 'ஜோவினெத்சா'வும் வேண்டும் என்று கேட்கப்பட்டது. முடியாது என்றார். நடைகூடத்தில் ஒரு ராணுவப் பேண்டு வாசித்துவிட்டுப் போகட்டுமே என்று சமரசம் பேசினார்கள், அதுவும் நிலைக்கவில்லை. மாலையில் அரங்கின் வாசலில் காரைவிட்டு இறங்கியவரைப் பாசிஸ்ட் கும்பல் சூழ்ந்துகொண்டு, வாசிப்பாயா மாட்டாயா என்று கேட்டது. மாட்டேன் என்றதும் முகத்தில் அறைந்தார்கள். அறுபத்து நான்கு வயது மனிதர். காருக்குள் தள்ளி விடுதிக்குக் கொண்டுபோனார்கள். கும்பல் அங்கும் வந்து ஜன்னலுக்குக் கீழே கத்தியது. விடிவதற்குள் ஊரைவிட்டுப் போய்விடும்படி எச்சரிக்கை வந்தது. இரவோடு இரவாக மிலானுக்குப் புறப்பட்டார். முசோலினிக்குத் தந்தி அடித்தார், பதில் இல்லை. கடவுச்சீட்டைப் பிடுங்கினார்கள், வீட்டைச் சுற்றிக் காவல் போட்டார்கள். ரஷ்ய நடத்துநர் செர்கேய் குசெவித்ஸ்கி லா ஸ்காலாவில் தான் நடத்தவிருந்த கச்சேரிகளை ரத்துசெய்து கண்டனம் தெரிவித்தார். உலகப் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. இந்த ஆட்சி இருக்கும்வரை இத்தாலியில் கோல் எடுப்பதில்லை என்று தோஸ்கானினி முடிவுசெய்தார். பதினைந்து ஆண்டுகள் அந்த முடிவு மாறவில்லை.

இங்கே முதல் பெரிய மறுப்புரை எழும். 1919 தேர்தலில் மிலானில் முசோலினியின் பட்டியலில் வேட்பாளராக நின்றவர் இதே தோஸ்கானினிதானே? ஆமாம், நின்றார், பட்டியல் முழுதும் படுதோல்வி அடைந்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் பிறவி எதிர்ப்பாளராகக் காட்டுவது நேர்மையல்ல. அன்றைய பாசிஸ்ட் அறிக்கை குடியரசையும், பெண்களுக்கு வாக்குரிமையையும், போரில் கொழுத்த லாபத்துக்கு வரியையும் கேட்டது. கரிபால்டி வீரரின் மகனுக்கு அது கவர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. அவர் சமாதானவாதியும் அல்ல: முதல் உலகப்போரை ஆதரித்தவர், 1917இல் மான்தே சாந்தோ மலையில் சண்டை நடக்கும்போதே ராணுவப் பேண்டை நடத்தி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். கட்சி வலப்பக்கம் சாய்ந்து, பணக்காரர்களோடும் தடியடிக்காரர்களோடும் கூட்டுச் சேர்ந்தபோது அவர் விலகிவிட்டார். ஆனால் இந்தச் சம்பவம் என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதற்குப் பதிலாகப் பலப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். அரசியல் அறிக்கையை எடைபோடுவதில் அவர் பலரைப்போலவே தவறினார். அரங்குக்குள் வந்து 'இதை வாசி' என்று கட்டளையிட்டபோதோ, அந்தக் கட்டளையின் தன்மையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஏனென்றால் அந்த மாதிரிக் கட்டளைகளோடு அவருக்கு நெடுநாள் பழக்கம். தந்தையின் வழியாக வந்த குடியரசுப் பற்று எதை வெறுப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை எந்த இடத்தில் நின்று, எப்படி மறுப்பது என்பதைத் தொழில்தான் சொல்லிக்கொடுத்தது.

ஜெர்மனியில் சோதனை இன்னும் கடினமாயிற்று, ஏனென்றால் அங்கே தட்டிலே வைத்து நீட்டப்பட்டது அவர் உயிருக்கு உயிராக நேசித்த வாக்னரின் இசை. 1930இலும் 1931இலும் பைராய்த் வாக்னர் விழாவில் அவர் நடத்தினார். ஜெர்மன் மரபுக்கு வெளியிலிருந்து வந்து அங்கே கோல் எடுத்த முதல் நடத்துநர் அவரே. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத இசைக்கலைஞர்கள் வேலையிலிருந்து விரட்டப்பட்டார்கள். அமெரிக்காவில் இருந்த இசைக்கலைஞர்கள் ஏப்ரல் 1 அன்று ஹிட்லருக்கு ஒரு கண்டனத் தந்தி அடித்தபோது கையெழுத்துகளில் முதலில் நின்றது தோஸ்கானினியின் பெயர். அதற்குப் பிறகும் அந்த ஆண்டு பைராய்த்துக்கு வரச்சொல்லி ஹிட்லர் நேரடியாகக் கடிதம் எழுதினார். ஜூன் மாதம் தோஸ்கானினி விழாவிலிருந்து விலகினார். 1936 டிசம்பர் 26 அன்று தெல் அவிவ் நகரில், ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட யூதக் கலைஞர்களைத் திரட்டி வயலின் மேதை புரோனிஸ்லாவ் ஹூபர்மன் உருவாக்கிய பாலஸ்தீன இசைக்குழுவின் முதல் கச்சேரியை ஊதியம் வாங்காமல் நடத்தினார். நாஜிகள் தடைசெய்திருந்த மெண்டெல்சோனின் இசை அந்த நிகழ்ச்சியில் இருந்தது. 1938இல் மறுபடி அங்கே போனபோது வாக்னரின் 'லோஹென்கிரின்' முன்னிசைகளை வாசிக்க வைத்தார். ஹிட்லர் கொண்டாடினார் என்பதற்காக வாக்னரை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. மெண்டெல்சோனை நாஜிகளுக்கு எதிராகவும், வாக்னரை நாஜிகளிடமிருந்து மீட்டும் வாசித்தவர் என்று சொல்லலாம். அதே 1938 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் சான்சலர் ஹிட்லரைச் சந்தித்து அடிபணிந்துவிட்டு வந்த செய்தி கேட்டதும், தான் நான்கு ஆண்டுகள் நடத்திய சால்ஸ்பர்க் விழாவைக் கைவிட்டார். அவசரப்படுகிறார் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் ஜெர்மன் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன.

இரண்டாவது மறுப்புரை ஜெர்மன் நடத்துநர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லரின் தரப்பிலிருந்து வருவது; எல்லாவற்றிலும் வலுவானதும் இதுவே. கலை ஒழுக்கத்தில் அவர் தோஸ்கானினிக்குச் சிறிதும் குறைந்தவர் அல்ல. 1936இல் நியூயார்க் இசைக்குழுவிலிருந்து விலகும்போது தன் இடத்துக்குத் தோஸ்கானினி பரிந்துரைத்ததே அவரைத்தான். அவர் ஜெர்மனியிலேயே தங்கினார். தடைக்குள்ளான இசையமைப்பாளர் ஹிண்டமித்துக்காக 1934இல் பகிரங்கமாக எழுதிப் பதவியை இழந்தார். பல யூதக் கலைஞர்களுக்கு உதவினார். பெத்தோவனின் இசை ஒலிக்கும் இடத்தில் மனிதர்கள் சுதந்திரமாக இருக்கிறார்கள் என்று நம்பினார். எல்லோரும் வெளியேறிவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு யார் துணை என்பது நியாயமான கேள்வி. தொழில் ஒழுக்கம் தானாகவே எதிர்ப்பைத் தரும் என்றால், அவரும், நாஜிக் கட்சி உறுப்பினராகவே இருந்த நடத்துநர் கராயனும் ஏன் தோஸ்கானினியைப்போல நடக்கவில்லை? இதற்குப் பதில் நான் முன்பு சொன்ன எல்லையில் இருக்கிறது. ஃபுர்ட்வாங்லரைப் பொறுத்தவரை கச்சேரி முதல் ஸ்வரத்தில் தொடங்கிக் கடைசி ஸ்வரத்தில் முடிவது. அதற்கு முன்னும் பின்னும் மண்டபத்தில் என்ன கொடி தொங்குகிறது, முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இசையைத் தொடாது. 1942 ஏப்ரலில் ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய மாலை, பெத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை அவர் பெர்லினில் நடத்தினார். முன்வரிசையில் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் இருந்தார், இசை முடிந்ததும் வந்து கைகுலுக்கினார், அது படமாக்கப்பட்டு ஊரெல்லாம் காட்டப்பட்டது. வாசித்த இசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மாலை பெத்தோவனுக்குச் சொந்தமாக இருந்ததா? தொப்பியையும் விளக்கையும்கூட நிகழ்ச்சியின் பகுதியாகக் கருதிய ஒருவர் அந்த முன்வரிசையைக் காணாததுபோல இருந்திருக்க முடியாது. ஆக, ஒழுக்கம் மட்டும் போதாது. எது எதெல்லாம் என் பொறுப்பு என்று ஒரு கலைஞர் எவ்வளவு தூரம் கோடு போடுகிறார் என்பதும் சேர வேண்டும்.

மூன்றாவது மறுப்புரை தோஸ்கானினியின் கையாலேயே எழுதப்பட்டது. கட்சிப் பாட்டு வேண்டாம் என்றவர், 1943இல் வெர்டியின் 'தேசங்களின் கீதம்' என்ற படைப்பை எடுத்து, பாட்டின் ஒரு வரியில் தாய்நாடான இத்தாலி என்ற இடத்தில் துரோகம் செய்யப்பட்ட இத்தாலி என்று பாட வைத்தார். முடிவில் பொதுவுடைமை இயக்கத்தின் 'சர்வதேசிய கீத'த்தையும் அமெரிக்க தேசிய கீதத்தையும் சேர்த்தார். அமெரிக்க அரசின் போர்த் தகவல் துறை அதைப் பிரச்சாரப் படமாக எடுத்தது. பின்னாளில் பனிப்போர்க் காலத்தில் 'சர்வதேசிய கீத'ப் பகுதியைப் படத்திலிருந்து வெட்டியும் விட்டார்கள். எழுதியபடி வாசிப்பவர் எழுதியதை மாற்றினார். அரசியல் வேண்டாம் என்றவர் அரசியல் படத்தில் நடித்தார். முரண்பாடு இல்லையா என்றால், கலையை அரசியலிலிருந்து பிரித்து வைப்பதுதான் அவருடைய கொள்கை என்று எடுத்துக்கொண்டால் மட்டுமே முரண்பாடு. அப்படி ஒரு கொள்கை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. 1862இல் லண்டன் கண்காட்சிக்காக வெர்டி எழுதிய அந்தப் படைப்பே பல நாட்டு தேசிய கீதங்களைக் கோத்து எழுதியது. அரசியல் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர், மாற்றியவர், அதற்குப் பொறுப்பேற்றவர் தோஸ்கானினி. போலோன்யாவிலோ மார்த்துச்சியின் நினைவு நிகழ்ச்சிக்குள் அமைச்சருக்கு மரியாதையைத் திணிக்கப் பார்த்தார்கள். இருந்தாலும் வெர்டியின் வரியில் கைவைத்தது சரிதானா என்று கேட்டால், இசைக்குறிப்பின் மீது அவரே வைத்திருந்த அளவுகோலின்படி அது ஒரு மீறல் என்றுதான் சொல்வேன். நாடிழந்த ஒருவரின் கோபத்தை அது விளக்குகிறது, விதியை மாற்றிவிடவில்லை.

கடைசியாக, அவருடைய ரசிகர்களையே சங்கடப்படுத்தும் கேள்வி. சர்வாதிகாரத்தை எதிர்த்தவர் ஒத்திகையில் தானே சர்வாதிகாரியாக நடந்துகொள்ளவில்லையா? நியூயார்க்கில் வானொலி நிறுவனமான என்பிசி அவருக்கென்றே 1937இல் ஓர் இசைக்குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் ஒத்திகைப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. கத்துகிறார், வைகிறார், வாத்தியக்காரர்களை அவமானப்படுத்துகிறார். இதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. திறமையான கலைஞர்களை அப்படி நடத்துவது தவறு, அந்தக் காலப் பழக்கம் என்பது மன்னிப்பாகாது. 'நான் எனக்காகக் கேட்கவில்லை, படைப்புக்காகக் கேட்கிறேன்' என்பதும் போதாது, நாட்டுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லாத சர்வாதிகாரி உலகத்தில் இல்லை. உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. முசோலினியின் ஆட்சியில் தலைவரின் சொல்லைச் சரிபார்க்கத் தலைவருக்கு வெளியே ஓர் அளவுகோல் கிடையாது. தோஸ்கானினியின் குழுவிலோ, அவர் கேட்கும் வேகமும் ஒலியும் ஏட்டோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு வாத்தியக்காரரும் தன் முன்னால் விரித்து வைத்திருக்கும் தாளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த அளவுகோல் அவரையும் அளந்தது. 1954 ஏப்ரல் 4 அன்று கார்னகி மண்டபத்தில் வாக்னர் இசையை நடத்தும்போது, எண்பத்தேழு வயதில், அவருடைய புகழ்பெற்ற ஞாபகசக்தி சில கணங்கள் கைவிட்டது. நேரடி ஒலிபரப்பு தடுமாறியது. பதவி விலகல் கடிதம் முன்பே தயாராக இருந்தது. அதற்குப் பிறகு அவர் பொதுமேடையில் கோல் எடுக்கவே இல்லை. பதவியைத் தானாக விட்டுப்போன சர்வாதிகாரிகள் எத்தனை பேர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவருக்குப் பேரும் பணமும் அமெரிக்கப் புகலிடமும் இருந்தன, சாதாரண வயலின்காரன் அப்படி மறுத்திருந்தால் பட்டினிதான் என்றும் சொல்வார்கள். முழுக்க உண்மை. ஆகவேதான் அந்தக் கடமை சாதாரண வயலின்காரரைவிட அவர்மீது அதிகமாக இருந்தது. இழப்பதற்கு நிறைய உள்ளவர்கள் அதையே சாக்காக வைத்து வாய்மூடி இருக்கிற உலகத்தில், லா ஸ்காலா, பைராய்த், சால்ஸ்பர்க், கடைசியில் சொந்த நாடு என்று ஒவ்வொன்றாக அவர் விட்டுக்கொண்டே போனார். 1938இல் முசோலினி யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தபோது தோஸ்கானினி அவற்றைத் தொலைபேசியில் கடுமையாகத் திட்டினார்; ஒட்டுக்கேட்டவர்கள் மேலிடத்துக்குச் சொன்னார்கள்; கடவுச்சீட்டு இரண்டாவது முறையும் பறிபோய்த் திரும்பி வந்தது. நாடு திரும்புவதற்கும் அவர் கேட்ட விலை தனக்காக அல்ல. 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் சிதைந்த லா ஸ்காலாவைத் திருப்பிக் கட்டப் பத்து லட்சம் லிரா கொடுத்தார். யூதர் என்பதற்காக வெளியேற்றப்பட்ட கோரஸ் தலைவர் வித்தோரே வெனெத்சியானியைப் பழைய பதவியில் அமர்த்த வேண்டும் என்று கேட்டார். விளக்கை அணைக்கச் சொன்ன அதே மனிதரின் கோரிக்கைதான் இதுவும்: இந்த அரங்கில் யார் பாட வேண்டும் என்பதை இசை முடிவுசெய்யட்டும், இனச் சட்டம் முடிவுசெய்யக் கூடாது. 1946 மே 11 அன்று, போலோன்யா இரவு நடந்து மூன்று நாள் குறைவாகப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், திரும்பக் கட்டிய லா ஸ்காலாவில் ரோசினி, வெர்டி, போய்த்தோ, புச்சினி ஆகியோரின் இசையோடு அவர் கோல் எடுத்தார். வெர்டியின் 'தே தேயும்' அந்த நிகழ்ச்சியில் இருந்தது. 1949இல் இத்தாலியக் குடியரசு அவரை வாழ்நாள் செனட்டராக நியமித்தபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1957 ஜனவரி 16 அன்று நியூயார்க்கில் காலமானார். உடல் மிலானுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.

நண்பர்களே, 'ஒரே ஒரு சின்னப் பாட்டுதானே, வாசித்துவிட்டுப் போயேன்' என்று கேட்கிற குரல் எந்தக் காலத்திலும் ஓயாது. அது எப்போதும் சின்ன விஷயமாகத்தான் வந்து நிற்கும். பெரிய விஷயமாகக் கேட்டால் மறுத்துவிடுவார்களே. அந்த நேரத்தில் ஒரு கலைஞருக்குக் கட்சி அறிக்கை கைகொடுக்காது. 1919இல் தோஸ்கானினிக்கும் கொடுக்கவில்லை. விளக்கு, தொப்பி, 'ஒன்ஸ்மோர்' என்று அன்றாடம் சின்ன விஷயங்களில் மேடையைக் காத்துப் பழகியவருக்குத்தான் பெரிய நாளில் மறுக்கும் துணிவு கையருகில் இருக்கும். ஆகவே கலைஞர்களை அரசியல் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை, பேசாதீர்கள் என்றும் சொல்லவில்லை. உங்கள் மேடையில் நடப்பதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். ரசிகர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு: ஒரு கலைஞர் மறுக்கும்போது கூச்சலிடாமல் இருக்கவாவது நாம் பழக வேண்டும்.